ஏழைக்கு அரசமைப்பு என்ன தருகிறது?

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இருக்கும் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் 2010 பிப்ரவரி 9 அன்று வழங்கிய தீர்ப்பொன்றில் விலங்குரோமக் கோட்டுகளும், அளவெடுத்துத் தைத்த உடைகளும், கிளைடர் விமானங்களும் இடம்பெற்றன. வழக்கு ஏழைகளைப் பற்றியது. நீண்டகாலம் வேலையில்லாதவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் அரசு தரும் மாத உதவித்தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதுதான் கேள்வி. அந்தத் திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் பணியாளர் துறை இயக்குநர் பீட்டர் ஹார்ட்ஸ். அதனால் மக்கள் பேச்சில் அது 'ஹார்ட்ஸ் நான்கு' ஆயிற்று.

2005இல் திட்டம் தொடங்கியபோது தனியாளுக்கு மாதம் 345 யூரோ. வீட்டு வாடகை தனி. தனியாக வாழ்பவர்களில் வருமானத்தில் அடிமட்டத்தில் இருக்கும் 20 விழுக்காட்டினர் எதெதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பிலிருந்து இந்தத் தொகையை எடுத்திருந்தார்கள். எடுத்ததோடு நிற்காமல், ஆடம்பரம் என்று சொல்லிச் சில செலவுகளில் குறிப்பிட்ட விழுக்காட்டைக் கழித்தும் இருந்தார்கள். ரோமக் கோட்டும் கிளைடரும் அப்படி வந்தவை. அடிமட்ட 20 விழுக்காட்டினர் கிளைடருக்குச் செலவழித்தார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஏழை வாங்கவே வாங்காத ஒரு பொருளுக்காகக் கழித்தால், அந்தக் கழிவு அவருடைய அன்றாடச் செலவின் மேல்தான் விழும். கல்விச் செலவு என்ற பிரிவு முழுவதையும் காரணம் சொல்லாமலே விட்டிருந்தார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெரியவரின் தொகையில் 60 விழுக்காடு, அதாவது 207 யூரோ. ஏன் 60? அரசிடம் பதில் இல்லை. குழந்தைகள் சின்ன உருவில் இருக்கும் பெரியவர்கள் இல்லை. அவர்களுக்குப் பாடப்புத்தகம், நோட்டுப்புத்தகம், கால்குலேட்டர் வேண்டும். அந்தத் தேவையைத் தனியே கணக்கிட்டுக் காட்டுங்கள் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஆண்டு இறுதிவரை கெடு.

இன்னொரு குழந்தையின் வழக்கு அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வின்னிபேகோ கவுண்டியில் எழுந்தது. தந்தையின் பொறுப்பில் வளர்ந்த சிறுவன். அவனைத் தந்தை அடிக்கிறார் என்ற புகார் 1982லேயே கவுண்டியின் சமூகநலத் துறைக்கு வந்தது. மருத்துவமனையும் சொன்னது. நலப்பணியாளர் மாதாமாதம் வீட்டுக்குப் போனார், தலையில் கண்ட காயங்களைக் கோப்பில் எழுதினார், திரும்பினார். 1984 மார்ச்சில் நான்கு வயதில் அவன் வாழ்நாள் முழுதும் மீள முடியாத அளவுக்கு மூளை சிதையும்படி அடிக்கப்பட்டான். உயிரையும் சுதந்திரத்தையும் உரிய சட்டநெறியின்றிப் பறிக்கக் கூடாது என்ற 14ஆம் திருத்தத்தின்படி கவுண்டியே பொறுப்பு என்று தாய் வழக்குத் தொடுத்தார். 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைத் தள்ளியது. அந்தத் திருத்தம் அரசின் கையைக் கட்டுவதற்கு எழுதப்பட்டது, ஒரு தனியாள் இன்னொரு தனியாளுக்கு இழைக்கும் தீங்கைத் தடுக்கும் கடமையை அது அரசின் மேல் சுமத்தவில்லை என்று தலைமை நீதிபதி வில்லியம் ரென்க்விஸ்ட் எழுதினார்.

இதே உச்ச நீதிமன்றம் 1976இல், சிறைக் கைதிக்கு மருத்துவம் மறுப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்திருந்தது. கைதியை அடைத்து வைத்திருப்பது அரசு. எனவே அவனுடைய நோய்க்கும் அரசு பொறுப்பு. வெளியே நடமாடும் ஏழைக்கு அந்த உரிமை கிடையாது. ஒருவரைப் பூட்டி வைத்தால் மட்டுமே அவருக்கு அரசு கடன்படுகிறது என்ற இடத்தில் இந்தச் சட்ட மரபு வந்து நிற்கிறது.

அமெரிக்கா சுதந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது, ஐரோப்பா பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தது என்று இந்த வேறுபாட்டைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. இரு பக்கத்திலும் மக்கள்நலத் திட்டங்களை உண்டாக்கியவை தேர்தலும் கட்சிகளும் தொழிற்சங்கங்களும். அரசமைப்பின் வேலை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. வாக்கு வலிமை இல்லாத ஒரு குழந்தையோ அகதியோ வீடற்றவரோ அரசைப் பார்த்து, எனக்கு ஏன் இவ்வளவு, ஏன் இதற்கு மேல் இல்லை என்று காரணம் கேட்க முடியுமா? ஜெர்மனியில் முடியும். அமெரிக்காவில் பெரும்பாலும் முடியாது.

இதன் வேர் வரலாற்றில் இருக்கிறது. ஜெர்மனியில் நலத்திட்டம் முந்தியது, சுதந்திரம் பிந்தியது. 1878இல் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் சமதர்மவாதிகளின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடைசெய்தார். அந்தத் தடை நடப்பில் இருந்தபோதே 1883இல் நோய்க் காப்பீடும், 1884இல் விபத்துக் காப்பீடும், 1889இல் 70 வயதில் தொடங்கும் முதியோர் ஓய்வூதியமும் கொண்டுவந்தார். தொழிலாளியைப் பேரரசோடு கட்டிப்போடுவதே நோக்கம். அமெரிக்காவில் வரிசை தலைகீழ். சொத்தில்லாத வெள்ளை ஆண்களில் பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே வாக்குரிமை பெற்றுவிட்டார்கள். அவர்களுடைய விசுவாசத்தை ஓய்வூதியம் கொடுத்து வாங்க வேண்டிய நெருக்கடி ஆட்சியாளர்களுக்கு இருக்கவில்லை. அங்கே தொழிலாளர் சட்டங்களுக்குக் குறுக்கே நின்றது நீதிமன்றம். ரொட்டி அடுமனையில் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை 1905இல் உச்ச நீதிமன்றம் லாக்னர் வழக்கில் செல்லாததாக்கியது. ஒப்பந்தம் செய்யும் சுதந்திரம் அடுமனைத் தொழிலாளிக்கும் உண்டாம்.

இந்த லாக்னர் வழக்கின் நிழல் நம் அரசமைப்பிலும் விழுந்திருக்கிறது. 1947இல் அரசமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்றபோது, நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான 'உரிய சட்டநெறி'த் தொடரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தினார். நலச் சட்டங்களை நீதிபதிகள் வெட்டிச் சாய்க்க அது இடம் கொடுக்கும் என்பது அவருடைய அனுபவம். ராவ் அதைக் கேட்டுக்கொண்டார். வாழ்வாதாரம், கல்வி, பொதுச் சுகாதாரம் போன்றவற்றை 1937ஆம் ஆண்டு அயர்லாந்து அரசமைப்பின் வழியில் நான்காம் பகுதியில் வைத்து, எந்த நீதிமன்றமும் இவற்றை நிறைவேற்றச் சொல்ல முடியாது என்று 37ஆம் பிரிவில் எழுதிவைத்தோம். ஆகவே இது நமக்கு வேடிக்கை பார்க்கும் சண்டையில்லை.

பெருமந்தம் வந்து நாடே வேலையில்லாமல் நின்றபோது அமெரிக்க நீதிமன்றம் வளைந்து கொடுத்தது. 1937இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஓட்டல் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஏற்றது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதே ஆண்டில் ஏற்றது. நலத்திட்டங்களை இனி அமெரிக்க நாடாளுமன்றம் விரும்பினால் செய்துகொள்ளலாம். செய்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 1944 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசியபோது அந்த இடைவெளியை நிரப்ப முயன்றார். வேலை, போதிய வருமானம், வீடு, மருத்துவம், கல்வி, முதுமையில் பாதுகாப்பு ஆகியவற்றைக் கொண்ட இரண்டாவது உரிமைப் பட்டியல் ஒன்று வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 1948இல் ஐநாவின் மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கிய குழுவுக்கு அவருடைய மனைவி எலினார் தலைமை தாங்கினார். உணவு, உடை, வீடு, மருத்துவம் அதன் 25ஆம் பிரிவில் ஏறின. அந்த உரிமைகளை ஒப்பந்தமாக்கிய 1966ஆம் ஆண்டு ஆவணத்தில் 1977இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். செனட் இன்றுவரை அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை.

இருந்தும் அமெரிக்கா வேறு பாதையில் போயிருக்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது. 1964இல் யேல் சட்டப் பேராசிரியர் சார்ல்ஸ் ரைக், அரசு தரும் உதவித்தொகை, உரிமம், ஓய்வூதியம் எல்லாம் புதுவகைச் சொத்து, சொத்துக்குரிய பாதுகாப்பு அவற்றுக்கும் வேண்டும் என்று எழுதினார். 1970 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சிந்தனையை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டது: நேரில் அழைத்துக் கேட்காமல் ஒருவருடைய உதவித்தொகையை நிறுத்தக் கூடாது. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 6 அன்று அதே நீதிமன்றம் எல்லைக்கோட்டைப் போட்டது. மேரிலாந்தில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை குழந்தைகள் இருந்தாலும் மாதம் 250 டாலருக்கு மேல் கிடையாது என்ற விதி செல்லும். வறுமையை எப்படிக் கையாள்வது என்பது நீதிபதிகளின் வேலையில்லை. நிறுத்துவதற்கு முன் கேட்க வேண்டும், எவ்வளவு கொடுப்பது என்பதைக் கேட்க முடியாது. கார்ல்ஸ்ரூ நீதிபதிகள் நாற்பது ஆண்டு கழித்துத் திறந்த கணக்குப் புத்தகத்தை அமெரிக்க நீதிபதிகள் அன்று மூடி வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பு இன்னும் கசப்பானது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் சிறு குழந்தையுடன் இருந்த தாய் ஒருவர், நலப்பணியாளர் வீட்டுக்குள் வருவதை மறுத்தார். தகவல் எது வேண்டுமானாலும் அலுவலகத்தில் தருகிறேன் என்றார். பிடியாணையின்றி வீட்டுக்குள் நுழையக் கூடாது என்ற நான்காம் திருத்தம் அமெரிக்கச் சுதந்திரத்தின் தூண்களில் ஒன்று. ஆனால் கதவைத் திறக்காவிட்டால் உதவித்தொகையை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சுதந்திரமும் நலத்திட்டமும் வேறு வேறு அறைகளில் வாழ்கின்றன என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். பிழைப்புக்கு வழியில்லாதவருக்கு, அரசமைப்பில் அச்சடித்திருக்கும் சுதந்திரமும் சுருங்கிவிடுகிறது.

1973இல் டெக்சாஸின் சான் அன்டோனியோ பள்ளிகள் வழக்கில், கல்வி கூட்டாட்சி அரசமைப்பின் அடிப்படை உரிமையில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவாயிற்று. அந்த ஐவரில் நால்வர் நிக்சன் நியமித்தவர்கள். 1968 தேர்தலில் நிக்சன் வென்றதுதான் இந்தக் கதையின் திருப்பம் என்று சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைன் வாதிடுகிறார். அரசமைப்பின் சொற்கள் அப்படியே இருந்தன, படிக்கும் கண்கள் மாறின என்பது அவர் கருத்து. அதில் நியாயம் உண்டு. ஜெர்மனியின் அரசமைப்பான அடிப்படைச் சட்டத்திலும் உதவித்தொகை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. மானுட கண்ணியம் தீண்டத்தகாதது என்று முதல் பிரிவு சொல்கிறது. ஜெர்மனி ஒரு சமூகக் கூட்டாட்சி அரசு என்று இருபதாம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் நீதிபதிகள் குறைந்தபட்ச வாழ்வுரிமையைக் கண்டெடுத்தார்கள். 1919ஆம் ஆண்டு வைமர் அரசமைப்பில் இதைவிடத் தாராளமான சமூக வாக்குறுதிகள் இருந்தன. அவற்றைக் கேட்டுப் பெற வழியில்லை, காப்பாற்ற ஆளுமில்லை. 1949இல் எழுதியவர்கள் குறைவாக எழுதி, முதல், இருபதாம் பிரிவுகளின் கோட்பாடுகளை எந்தப் பெரும்பான்மையாலும் மாற்ற முடியாதபடி பூட்டினார்கள். 1954இலேயே கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், ஏழை நிவாரணத்தை உரிமையாகக் கோரலாம், ஏழை அரசின் கருணைக்கு உரிய வெறும் பொருளில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது.

அதே அடிப்படைச் சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜெர்மனியில் யூத இனப்படுகொலையை மறுத்துப் பேசுவது குற்றம். 1952இல் நாஜி வழிவந்த கட்சி ஒன்றையும் 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியையும் கார்ல்ஸ்ரூ தடைசெய்தது. அமெரிக்காவில் 1977இல், இனப்படுகொலையிலிருந்து தப்பி வந்த யூதர்கள் ஏராளமாக வாழ்ந்த சிகாகோவின் புறநகர் ஸ்கோக்கியில் நாஜிகள் ஊர்வலம் போக உரிமை கேட்டார்கள். அவர்களுக்காக அமெரிக்கக் குடிமைச் சுதந்திரங்கள் சங்கம் வாதாடி வென்றது, அதற்காகத் தன் உறுப்பினர்களில் பலரை இழந்தது. பேச்சுரிமையில் நான் அமெரிக்கப் பக்கம் நிற்பவன். அரசு வாயை அடைக்கும் அதிகாரத்தை இன்று நாஜிக்கு எதிராகப் பெற்றால் நாளை யாருக்கு எதிராகவும் பயன்படுத்தும். கம்யூனிஸ்ட் கட்சித் தடையே அதற்குச் சாட்சி. ஆனால் ஸ்கோக்கியில் வெறுப்புக்குரியவரின் உரிமையைக் காக்க நீதிமன்றத்துக்கு இருந்த துணிவு, வின்னிபேகோவில் அடிபட்ட சிறுவனுக்காக ஏன் வரவில்லை என்ற கேள்வி எனக்கு ஆறவேயில்லை.

ஐரோப்பா என்று ஒற்றையாகப் பேசுவதும் தவறு. எழுதப்பட்ட அரசமைப்பே இல்லாத பிரிட்டனில், 1942ஆம் ஆண்டு பெவரிட்ஜ் அறிக்கையின் வழியில் வந்த தொழிற்கட்சி ஆட்சி 1948 ஜூலை 5 அன்று தேசியச் சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. நீதிமன்றம் அதில் ஒன்றும் செய்யவில்லை. அதே காரணத்தால் 2017இல் இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை கிடையாது என்ற விதி வந்தபோதும் நீதிமன்றம் தடுக்கவில்லை. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டது. மேரிலாந்தின் 250 டாலர் விதிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. மாறாகப் போர்ச்சுகலில், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்கு நடுவே, 2013 ஏப்ரலில் அரசமைப்பு நீதிமன்றம் அரசு ஊழியர், ஓய்வூதியர் ஆகியோரின் விடுமுறைப் படி வெட்டையும், வேலையற்றோர், நோயுற்றோர் உதவித்தொகையில் செய்த பிடித்தத்தையும் சமத்துவத்துக்கும் நியாயமான அளவுக்கும் மாறானவை என்று ரத்துசெய்தது.

அமெரிக்காவின் கஞ்சத்தனத்துக்கு அரசமைப்பைவிட ஆழமான காரணம் இனம். ஹார்வர்டு பொருளியலாளர்கள் அல்பெர்ட்டோ அலெசினாவும் எட்வர்ட் கிளேசரும் 2004இல் வெளியிட்ட நூலில், இரு பக்கத்து நலச்செலவு வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதிக்கு இனப் பிளவும் மீதிப் பாதிக்குத் தேர்தல் முறை முதலிய அரசியல் அமைப்புகளும் காரணம் என்றார்கள். 1935ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டுவேலை செய்பவரையும் வெளியே விட்டது. தென்மாநிலக் கறுப்பினத்தாரில் பெரும்பாலோர் செய்த வேலைகள் இவையே. தென்மாநில உறுப்பினர்களின் அழுத்தமா, நிர்வாகச் சிக்கலா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டாலும் விளைவில் ஐயமில்லை. 1976இல் ரீகன், உதவித்தொகையில் சொகுசாக வாழும் பெண்ணின் கதையை மேடைக்கு மேடை சொன்னார். 1996இல் கிளின்டன், ஏழைத் தாய்மார்களுக்கான கூட்டாட்சி உதவியை வாழ்நாளில் ஐந்தாண்டு என்று வரையறுத்தார். வாங்குபவர் நம்மவர் இல்லை என்று வாக்காளர் நினைத்தால் திட்டம் சுருங்கும்.

ஐரோப்பியர்கள் இதைப் பார்த்துப் பெருமைப்பட இடமில்லை. அகதிகள் வந்த பிறகு அங்கும் அதே கேள்வி எழுந்தது. புகலிடம் கோருபவர்களிடமிருந்து 10,000 குரோனருக்கு மேற்பட்ட உடைமைகளைப் பறிக்க டென்மார்க் 2016இல் சட்டம் போட்டது. ஜெர்மனி 1993 முதல் புகலிடம் கோருபவருக்குத் தனி உதவித்தொகை வைத்து, பத்தொன்பது ஆண்டுகளாக விலைவாசிக்கு ஏற்ப ஒரு காசுகூட ஏற்றவில்லை. அங்கே மறுபடியும் கார்ல்ஸ்ரூ குறுக்கிட்டது. மானுட கண்ணியத்தைக் குடியேற்றக் கொள்கைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க முடியாது என்று 2012 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2019 நவம்பரில், வேலைக்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்காக உதவித்தொகையில் 60 விழுக்காட்டையோ முழுவதையுமோ வெட்டக் கூடாது, 30 விழுக்காடு வெட்டலாம் என்றது. வாக்கில்லாதவருக்கு அரசமைப்பு பயன்படும் இடம் இதுதான்.

பயன்படும் அளவையும் சொல்ல வேண்டும். 2010 தீர்ப்புக்குப் பிறகு அரசு புதுக் கணக்குப் போட்டது. 359 யூரோவாக ஏறியிருந்த தொகை 2011இல் 364 ஆயிற்று. ஐந்து யூரோ. பள்ளிப் பொருள்களுக்கும் மதிய உணவுக்கும் ஒரு தனித் தொகுப்பு சேர்ந்தது. நீதிமன்றம் கேட்டது காரணத்தை, தொகையை இல்லை. அரசு காரணத்தைத் திருத்தியது. இதை ஏமாற்றம் என்று சொல்பவர்கள் ஜெர்மனியில் நிறைய. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏழையின் மாதச் செலவை வரிவரியாக நியாயப்படுத்த வேண்டிய கட்டாயம் அரசுக்கு வந்துவிட்டது, அதைப் பிறகு எந்த அமைச்சரும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

அமெரிக்காவிலும் இது நடக்காத காரியமில்லை. நியூயார்க் மாநில அரசமைப்பில் 1938இல் சேர்த்த 17ஆம் பிரிவு, ஏழைகளைக் காப்பது மாநிலத்தின் கடமை என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 1979இல் வீடற்றவர்கள் சார்பில் ஓர் இளம் வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 1981இல் நகரம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஆவணம், தங்குமிடத்தில் ஒவ்வொருவருக்கும் 30 அங்குல அகலக் கட்டில், இரண்டு சுத்தமான விரிப்பு, போர்வை, தலையணை, துண்டு, சோப்பு, பூட்டி வைக்க ஒரு பெட்டி என்று எழுதிக் கொடுத்தது. வழக்கின் முதல் மனுதாரர் அந்தக் கையெழுத்துக்கு முன்பே இறந்துபோனார். கேட்பதற்கு ஒரு வரி இருந்தால் அமெரிக்க நீதிமன்றமும் தலையணை உறைவரை இறங்கி வரும்.

கூட்டாட்சி மட்டத்தில் அந்த வரி இல்லை. 2012இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் காப்பாற்றியபோது, ஏழைகளுக்கான மெடிக்கெய்டு விரிவாக்கத்தை ஏற்காத மாநிலங்களின் பழைய நிதியை நிறுத்துவது மாநிலங்களை மிரட்டுவதாகும் என்றது. மாநிலத்தின் சுதந்திரம் காக்கப்பட்டது. டெக்சாஸ், ஃபுளோரிடா உட்பட பத்து மாநிலங்கள் இன்னும் விரிவாக்கவில்லை. அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைகள் எந்தக் காப்பீட்டுக்கும் தகுதியில்லாமல் நிற்கிறார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 2021இல் கொரோனா நிவாரணமாக அமெரிக்க அரசு ஆறு மாதம் குழந்தைக்கு மாதம் 250 டாலர், ஆறு வயதுக்குக் கீழ் என்றால் 300 டாலர், பெற்றோரின் கணக்கில் போட்டது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலின்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 விழுக்காடாக இறங்கியது. அந்த அளவுகோல் காணாத தாழ்வு. திட்டத்தை நீட்டிக்க 50க்கு 50 என்று பிரிந்திருந்த செனட்டில் ஆளுங்கட்சிக்கு ஒரு வாக்குக் குறைந்தது. 2022இல் குழந்தை வறுமை 12.4 விழுக்காடு. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க அந்தக் குழந்தைகளுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை.